மேரிறோஸ் அக்காவின் வலைக்கூடு

பக்கத்து வீட்டு மேரிறோஸ் அக்கா எனக்கு ஒருநாளும் முழுத் தக்காளி தந்ததில்லை. சொதி வைத்துத் தருவார், குழம்பு தருவார். பழம் மட்டும் வேலி தாண்டாது. பழம் போனால் விதையும் போய்விடுமாம்.

அது அவரே எட்டு வருடமாகப் பொறுக்கி எடுத்த இனம். ஊர்காவற்றுறையில் எங்கள் பக்கத்துச் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீரைக் குடித்தே காய்க்கும். போன மாரி வெள்ளத்தில் தோட்டம் அழுகி, ஐந்து பழம்தான் தப்பியது. அதிலும் ஒன்றைக் காகம் கொண்டுபோய்விட்டது என்றார். மற்ற நாலின் விதையும் ஒரு மருந்துப் போத்தலின் அடியில் கிடந்தது. இந்தமுறையும் பயிர் கைவிட்டால் இனமே முடிந்தது.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்குப் பழம் வேண்டுமென்றால் புரட்டாதியிலேயே நாற்றுப் போடவேண்டும். வெயில், காற்று, கோழி, பிறகு மழை. ஒரு கூடு இல்லாமல் சரிவராது. விவசாய உத்தியோகத்தர் வந்து, வளைகம்பியும் பொலித்தீனும் இலவசமாகத் தருகிறோம் என்றார்.

"சும்மா தாறவை எதையோ கொண்டுபோகத்தான் வருவினம்" என்று படலையைச் சாத்தினார் அக்கா.

தென்னோலைக் கிடுகால் மேயலாமே என்றேன். பாம்பு வரும் என்றார். நான் ஏன் அதைச் சொல்கிறேன் என்று ஒரு பார்வை வேறு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கடைசியில், புருஷன் மரியநாயகம் அண்ணை கழித்துப் போட்ட பழைய மீன்வலையை நாலாக மடித்துத் தடிகளில் கட்டி, சுற்றிவர நிலத்தோடு இழுத்து முளை அடித்தார். கோழியும் போகாது, கண்ணூறும் போகாது. திறந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வலைக்கு மேலாலேயே பூவாளியால் தண்ணீர் ஊற்றினார்.

போத்தலில் இருந்த விதை முழுவதையும் போட்டார்; நாற்று முளைத்தது. சில நாளில் இலை நுனி கருகியது. பிறகு எல்லாமே கருகியது.

அன்று காலை, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் அக்கா வந்து நின்றார்.

"றஞ்சனி, நீர்தானே உப்புத்தண்ணி ஊத்தினனீர்?"

"நான் ஏனக்கா ஊத்திறன்?"

"கருகினதைப் பாத்தா உப்புத்தான். உம்மட வேலிப்பக்கம்தான் முதல் கருகினது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நாற்றுமேடையில் மண் வெள்ளை பூத்துக் கிடந்தது. உப்பு என்பது சரிதான். வலையைத் தடவி விரலை நாக்கில் வைத்தேன்.

"நக்கிப் பாருங்கோ."

அவரும் வைத்துப் பார்த்தார். கடலால் வந்து அப்படியே காய்ந்த வலை. நல்ல தண்ணீரில் ஒருதரம் அலசவில்லை. நாளுக்கு இரண்டு தரம் அதன் உப்பைத் தன் கையாலேயே கழுவி நாற்றில் இறக்கியிருக்கிறார். சவர் தாங்கும் இனம் என்றாலும் அவ்வளவு உப்பை இளம் நாற்றுத் தாங்குமா? பிறந்ததிலிருந்து வலையோடு கிடப்பவருக்கு அதில் உப்பு இருப்பதே தோன்றவில்லை.

அக்கா நிலத்தில் குந்தினார். "முடிஞ்சுது" என்றார். அழவில்லை.

என்மேல் பிழை இல்லை என்று தெரிந்துவிட்டது. அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. வீட்டுக்குப் போய், குசினிக்குப் பின்னால் பனையோலை சாத்தி ஒளித்து வைத்திருந்த, மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளை றெஜிபோம் பெட்டியைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். உள்ளே ஏழு தக்காளி நாற்றுகள், பச்சைப் பசேலென்று நின்றன.

அக்கா ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காகம் கொண்டுபோன பழம்," என்றேன். "நான்தான் எடுத்தனான். ஆசையில எடுத்திட்டன்."

"தெரியும். காகம் காம்பைக் கிள்ளி எடுக்காது."

ஐந்து நாற்றை மண்ணோடு கிளப்பித் தன் பக்கம் வைத்தார். இரண்டைப் பெட்டியிலேயே விட்டு என்னிடம் தள்ளினார்.

"இது உம்மட வீட்டில நிக்கட்டும். என்ர வீட்டை நம்பேலாது."