இரைச்சலில் இருந்தவர்

எங்கள் தெருவில் டிஸ்க்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். என் தையல் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி டிஸ்க்கில் போட்டுத் தருவது அவர் தொழில். ஊரார் வீட்டுக் கல்யாணத்தை ஆயிரம் பார்த்தவர். தன் கல்யாணத்தைத்தான் பார்க்கவில்லை. கேலி செய்தால், "எல்லாம் ஒரே படம்தான், விடுங்க" என்று சிரிப்பார். கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் குடியிருப்பு. சாப்பிட்டு முடித்து ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் எனக்குக் கேட்கும். அதைக் கேட்கவே பிடிக்காது.

வேலையில் மட்டும் மனுஷன் பிடிவாதக்காரர். ஒரு டிஸ்க்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணிக்க மாட்டார். திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையுமாம். வெளிறிய நிறத்தை ஏற்றுவார், ஆட்டத்தைக் குறைப்பார். எல்லாவற்றையும்விட இரைச்சல்தான் அவருக்கு ஜென்ம விரோதி. படத்தில் யாரும் பேசாத இடமாகப் பார்த்து ஒரு துண்டு ஒலியை வெட்டி, இதுதான் குப்பை என்று கம்ப்யூட்டருக்குக் காட்டினால், அது படம் முழுக்கத் தேடித் துடைத்துவிடும். கேமரா மைக்குக்குப் பக்கத்திலேயே நிற்பதால் படம் பிடிக்கிறவர் குரல் இடி மாதிரி விழும். அதையும் அமுக்கி, மேலே மெல்லிய இசையைப் போட்டுவிடுவார்.

புருஷனைப் பறிகொடுத்த ஓர் அம்மா ஒற்றைக் கேசட்டோடு வந்தார். பூஞ்சை பிடித்த நாடா. நல்லபடியாக ஓடி முடித்துவிட்டு, திருப்பிச் சுற்றும்போது பிளேயருக்குள் அறுந்து நொறுங்கியது. "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேம்மா, பயப்படாதீங்க" என்றார் டிஸ்க்காரர். சொன்னபடியே டிஸ்க்கையும் கொடுத்தார். அது கை மாறியதும் வழக்கம்போல் கம்ப்யூட்டரில் இருந்த மூலத்தை அழித்தார். அடுத்த வேலைக்கு இடம் வேண்டுமே.

மறுநாள் பக்கத்தில் சத்தம் உயரவும், துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்த அம்மா நின்றிருந்தார்.

"படம் கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி. ஆனா அவரு எங்க?"

"அவர் ஆரம்பத்துலேர்ந்தே படத்துல இல்லையேம்மா. அவர்தானே கேமரா பிடிச்சாரு?"

"மூஞ்சிய யாரு கேட்டா? அதுக்கு போட்டோ இருக்கு. குரல் இருந்துச்சே! இருமல் இருந்துச்சே! அவரு குரல் இதைவிட்டா வேற எதுலயும் இல்ல தம்பி."

"அழுக்கோட சேர்த்து ஆளையும் துடைச்சிட்டேன்" என்று டிஸ்க்காரர் என் பக்கம் திரும்பி முணுமுணுத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. எது குப்பை என்று முடிவு கட்ட இவர் யார்? இருமுவதற்கு வீட்டில் ஓர் ஆள் இருந்திருந்தால் இவருக்குத் தெரிந்திருக்கும். நல்லவேளை, நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்புறம் அவருக்கு ஏதோ பொறி தட்டியது. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தேட ஆரம்பித்தார். வெட்டிய குப்பைத் துண்டுகளை மட்டும் அவர் அழிப்பதில்லை; அதே மாதிரி கேமராவில் எடுத்த கேசட் மறுபடி வந்தால் உதவும் என்று சேர்த்து வைப்பார். இந்தக் கேசட்டின் தொடக்கத்தில் ஆளில்லாமல் ஒரு மூடிய கதவு. அங்கேதான் வெட்டியிருந்தார், தேவைக்குக் கொஞ்சம் நீளமாகவே. திரையில் படம் இல்லை, ஒலி மட்டும். கேமராவின் உறுமல். மூச்சு. ஓர் இருமல். கடைசியில் ஓர் ஆண் குரல்:

"வெளிய வாயேன். எவ்வளவு நேரம்தான் தலை சீவுவ?"

"இதோ வந்துட்டேன்" என்றார் அந்த அம்மா, கம்ப்யூட்டரைப் பார்த்து. சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. மறுபடி போடச் சொன்னார்.

எதை அழுத்த வேண்டும் என்று காட்டி, மவுஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, டிஸ்க்காரர் என்னோடு என் கடைக்கு வந்துவிட்டார்.

"ஏண்ணே, கூட இருக்கலாம்ல?"

"உள்ள அவங்க ரெண்டு பேரும் பேசிட்டிருக்காங்க. நான் எதுக்கு நடுவுல?"

ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன். உட்கார்ந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் பதிலும் வந்தது. இவரை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரு ஜீவன் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு, இரைச்சலோடு சேர்த்து அத்தனையையும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சவுண்டு நல்லா இருக்கு, இல்ல?" என்றார் என்னிடம்.