வெளியாள் இருக்கும்போது பீரோ திறக்கக் கூடாது

போன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நான், என் மனைவி கோமதி, மகள் நித்யா, இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்த டெக்னீஷியன் ஷிபு. அப்புறம், என் கல்யாணத்துக்கு மாமனார் வாங்கித் தந்த பச்சை இரும்பு பீரோ.

பீரோவை எதற்கு ஆள் கணக்கில் சேர்க்கிறாய் என்கிறீர்களா? அன்று நடந்ததில் முக்கால் பங்கு அதன் காரியம்.

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் நெட் நிலைத்து நிற்கவில்லை. வரும், போகும். ரூட்டரில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும். இரண்டு நிமிஷத்தில் தானாகவே பச்சைக்குத் திரும்பிவிடும். அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்கு இரண்டு வயது கூடிவிடும்.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே! கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் களியக்காவிளை வரை போன பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தவன் நான். ஆனால் இந்த முறை கவலைக்குக் காரணம் இருந்தது. நித்யாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. கம்பெனி பெங்களூரில். மீட்டிங் நடுவே மூன்று தடவை லைன் போனதும் மேனேஜர் சொல்லிவிட்டாராம் – வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பெரிய கஸ்டமருடன் பேச வேண்டும், அன்றும் கட் ஆனால் ஒன்றாம் தேதி முதல் பெங்களூர் ஆபீஸுக்கே வந்துவிடுங்கள் என்று.

மொபைல் நெட்டை வைத்துச் சமாளிக்கக் கூடாதா? எங்கள் வீடு மலையாளச் சீமையில், ஆரியசாலைக் கடைத்தெருவில், எங்கள் வத்தல் மிளகாய்க் கடைக்கு மேல் மாடி. நான்கு பக்கமும் கிடங்குச் சுவர். போனில் ஒரு கோடு சிக்னல் வந்தால் அன்றைக்குப் பண்டிகை.

"பெங்களூர்ல ஹாஸ்டல் வாடகை என்னவாக்கும்னு தெரியுமா?" என்று கோமதியிடம் கேட்டேன்.

"வாடகையா உங்களுக்கு விஷயம்? ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சு உக்காருதிய, எனக்குத் தெரியாதா?" என்றாள்.

எழுந்து போய் ரூட்டர் விளக்கைப் பார்த்தேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. கஸ்டமர் கேரில் சொன்னபடி அணைத்துப் போட்டேன். அடாப்டர் மாற்றினேன். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கினேன். எட்டாம் வகுப்போடு கடைக்கு வந்தவன், எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கணக்கு எழுதுவது. எனவே ஒரு நோட்டுப் போட்டு, நெட் போன நேரத்தையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். கணக்கு நோட்டு என்றால் அதன் இடம் பீரோ. எங்கள் வீட்டில் அது சட்டம்.

ஷிபு ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னிடம் தமிழ் பேசுவதாக அவர் நினைத்துக்கொள்வார், அவரிடம் மலையாளம் பேசுவதாக நான் நினைத்துக்கொள்வேன். காரியம் நடந்துவிடும். இரண்டு முறையும் அவர் இருந்த முக்கால் மணி நேரமும் விளக்கு பச்சையாகவே எரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பல்வலி நிற்குமே... அதே கதை.

மூன்றாவது முறையும் அப்படித்தான்.

"அண்ணாச்சி, இப்போ பெர்ஃபெக்ட் ஆணல்லோ! லைன்ல ஒரு குழப்பமும் இல்லா," என்றார் ஷிபு.

"நீங்க போனதும் போயிரும், ஷிபுவேட்டா," என்றாள் நித்யா.

"அப்போ நானும் இவிடத்தன்னே தாமசிக்கட்டே?" என்று, இங்கேயே தங்கிவிடவா என்கிற மாதிரி, சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "எப்போ எப்போ கட் ஆவுது? டைம் எழுதி வச்சிட்டுண்டோ?" என்றார்.

எழுதி வைத்திருக்கிறேனா! என் வாழ்நாளில் ஒரு படித்த ஆள் என் நோட்டைக் கேட்டது அதுதான் முதல் தடவை. துள்ளி எழுந்து பீரோப் பக்கம் போனேன். சாவியைச் செருகியதும் முதுகில் கோமதியின் பார்வை குத்தியது.

வெளியாள் இருக்கும்போது பீரோ திறக்கக் கூடாது. கடை வைத்திருக்கிற குடும்பம். என் அப்பா காலத்திலிருந்தே அப்படி. உள்ளே இருப்பது பழைய பட்டுப்புடவை இரண்டும் ரேஷன் கார்டும் கணக்கு நோட்டுகளும்தான் என்றாலும், கூடாது என்றால் கூடாது.

மணி பத்து நாற்பது.

"ஷிபு, ஒண்ணு அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க," என்றேன்.

"எந்தினு?"

"சும்மா... காலண்டர் பாருங்க."

பாவம், பார்த்தார். கதவைத் திறந்தேன். நோட்டை எடுக்கக் கை நீட்டுவதற்குள் நித்யா கத்தினாள்:

"அப்பா! சிவப்பு!"

ஷிபு சட்டென்று திரும்பினார். ரூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பீரோவை, மேலிருந்து கீழ்வரை.

"அண்ணாச்சி, அத ஒண்ணு அடைச்சே."

அடைத்தேன். இரண்டு நிமிஷம். பச்சை.

"இனி தொறந்நே."

திறந்தேன். சிவப்பு!

ஷிபு தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கள் ஹாலில் தரை கொஞ்சம் சரிவு. பீரோவின் இடது முன்கால் தரையைத் தொடாமல் நூலளவு தூக்கி நிற்கும். அந்த இடுக்கில், நெட் வரும் மெல்லிய ஃபைபர் வயர். கதவைத் திறந்தால் பாரம் முன்னால் சாய்ந்து, கால் நேரே வயர் மேல் இறங்குகிறது.

"இது ஆராணு இதுக்கடியில கேற்றி வச்சது?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆமாம், நான்தான். மூன்று வாரத்துக்கு முன் அந்த வயர் சுவரோரம் தொளதொளவென்று கிடந்தது. யாராவது தடுக்கி விழுந்தால்? கிடங்கு எலி வந்து கடித்தால்? மகளின் வேலையே அந்த நூலில் அல்லவா தொங்குகிறது! அதனால் பத்திரமாக... பீரோவின் காலுக்கடியில்.

நித்யா பீரோவிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். "அப்பா, இதெல்லாம் என் மீட்டிங் நேரம். மீட்டிங் தொடங்கினா என்ன செய்வீங்க?"

"நோட்டை எடுத்துத் தயாரா வச்சுக்கிடுவேன். நெட் போனா எழுதணுமில்லா..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. நெட் போவதை எழுத நான் பீரோவைத் திறக்க, திறந்ததால் நெட் போக, போனதை நான் எழுத! ஷிபு வந்தாலோ வெளியாள். பீரோ மூடியே இருக்கும். பச்சை எரியாமல் என்ன செய்யும்?

முதலில் சிரித்தது கோமதி. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தே விட்டாள். அப்புறம் ஷிபு. கடைசியில் நித்யாவும்.

"சிரிப்பெல்லாம் அப்புறம்! மணி பத்து அம்பது!" என்று நான் கத்த வேண்டியதாயிற்று.

நானும் ஷிபுவும் கோமதியும் பீரோவின் மூலையைப் பிடித்து நெம்ப, நித்யா குனிந்து வயரை உருவினாள். "பாக்யம், வயர் ஒடஞ்சு போகல," என்று ஷிபு அதைச் சுவரோரமாகக் கிளிப் அடித்து ஏற்றினார். பத்து ஐம்பத்தேழு. பச்சை.

பதினொரு மணிக்கு நித்யா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தேவையில்லை என்று தெரிந்தும், ஒரு மணி நேரம் பீரோக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். கோமதி மிக்ஸியைத் தொடவில்லை. அடுத்த வேலை இருந்தும் ஷிபு போகவில்லை, காலண்டரைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கதவு திறந்தது.

"பெங்களூர் வேண்டாமாம்!"

கோமதி உடனே அடுப்பை மூட்டினாள். ஷிபுவுக்கும் சேர்த்துப் பாயசம்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்திரமாக வைக்கிறேன் பேர்வழி என்று இன்னும் எதையெல்லாம் நசுக்கி வைத்திருக்கிறேனோ! உங்கள் வீட்டிலும் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

சொல்ல விட்டுவிட்டேனே... தப்பு கஸ்டமர் பக்கம் என்றால் கம்பெனிக்கு விசிட் சார்ஜ் கட்ட வேண்டுமாம். பாயசம் குடித்த கையோடு ஷிபு அதையும் எழுதிக் கொடுத்தார். நித்யா போனிலேயே கட்டிவிட்டு, என்னிடம் வசூல் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். தினமும் சாயங்காலம் உள்ளறையிலிருந்து, "அப்பா, என் காசு எங்க?" என்று ஒரு குரல் வருகிறது. பெங்களூரிலிருந்து அல்ல, உள்ளறையிலிருந்து! நானா கொடுப்பேன்?

பாக்கி: ரூபாய் 295.