அத்தையின் முந்நூற்றைம்பது

"அம்மா, ரெசிபில முந்நூத்தம்பது டிகிரின்னு போட்டிருக்கு. நம்ம ஓவன்ல இருநூத்தம்பதுதான் இருக்கு. ஃபுல்லா வெச்சிடவா?"

மகள் கேட்டதும், என் சின்ன வயதில் ஒரு கிறிஸ்துமஸன்று எங்கள் சாந்தோம் வீட்டில் கேக்கோடு கருகிய திராட்சையின் வாசனை மூக்கில் ஏறியது.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் வீட்டுக்கு முதல் ஓவன் வந்தது. அப்பாவின் அக்கா வெளிநாட்டுச் சமையல் புத்தகத்தைப் பிரித்து, "முந்நூத்தம்பது போட்டிருக்கு, கடைசி வரைக்கும் திருப்பு" என்றார். புத்தகம் சொன்னது ஃபாரன்ஹீட். ஓவனில் இருந்தது செல்சியஸ். நூற்றெண்பதே போதும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்து, "அண்ணி, மேல கறுக்குது, குறைச்சிடறேன்" என்று குமிழைத் தொட்டாள். அத்தை அவள் கையைத் தட்டிவிட்டார்.

கேக் கரியானது. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அத்தை சொன்னார்: "இவளுக்கு இதெல்லாம் கைவராது."

அம்மா கரிந்த மேல்பகுதியை வெட்டி, பீங்கான் தட்டில் வைத்து அவரிடமே நீட்டினாள்.

"சாப்பிடுங்க அண்ணி. இது நீங்க சுட்டது. அடுத்தத நான் சுடறேன்."

இப்போது நான் எங்கள் ஓவனின் குமிழை நூற்றெண்பதில் நிறுத்தினேன்.

"கண்ணாடி வழியா பார்த்துக்கினே இரு," என்றேன் மகளிடம். "கறுத்தா நீயே குறைச்சிடு. என்னைக்கூட கேக்காத."