வண்டி காத்திருக்கட்டும் என்று எழுதியவர்

சுகந்தி தமது திட்டத்தைத் தாமே கைவிட்டுவிட்டார் என்று இரங்கல் கூட்டத்தில் இருவர் பேசினார்கள். அது தவறு. கணபதி பகுதியில் நம் குடியிருப்போர் சங்கத்தார் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எல்லோர் முன்னும் சொன்ன தவறை எல்லோர் முன்னும் திருத்துகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிருச்சுங்கம்மா" என்றார்.

போக்குவரத்துக் கொள்கைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதுவது சுகந்தியின் வேலை. ஓட்டுநர் இல்லாத சிறு வண்டிகளில் அவருக்குப் பெரும் ஈடுபாடு. நாலு பேர் அமரலாம், அழைத்தால் வரும், தனிப் பாதையில் நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடும். நம் சந்துகளிலிருந்து பஸ் நிறுத்தம் வரை அவற்றை ஓட்ட முடியும் என்றார். ஆளில்லாத டப்பாவில் யார் ஏறுவார்கள் என்று கேலி செய்தவர்கள் உண்டு.

என் கணவர் இறந்த பிறகு மருத்துவமனைக்குப் போகக்கூட நான் எவரிடமும் வண்டி கேட்டதில்லை. முழங்கால் வலியோடு நிறுத்தம் வரை நடப்பேன். கவனித்தவர் சுகந்தி ஒருவரே. "யாரையும் கேக்காம போய் வரோணுங்கம்மா. அதுக்குத்தான் இது" என்றார்.

சங்க மண்டபத்தில் ஒத்திகை வைத்தார். நான்கு நாற்காலிகள் ஒரு வண்டி. மணி அடித்தால் கதவு திறந்ததாக அர்த்தம். பத்து எண்ணி மறுபடி அடித்தால் வண்டி கிளம்பிவிட்டது. முதல் மணி அடித்தது. "நீங்க ஏறுங்க." "அட, பெரியவங்க நீங்க மொதல்ல." "இல்லீங்க, நீங்க உக்காருங்க." இரண்டாம் மணியும் அடித்துவிட்டது. நாற்காலிகள் காலி. மூன்று முறையும் அப்படியே. மூன்றாம் முறை வழிவிட்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி.

"நம்மூர் மரியாதைய உங்க மிஷின் தாங்காதுங்க அம்மணி" என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்து, டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். திட்டம் அன்றோடு முடிந்தது என்று நினைத்தவர்கள்தான் இன்று பேசுகிறவர்கள்.

அன்று மாலையே சுகந்தி என் வீட்டுக்கு வந்தார். "அவங்க மேல தப்பில்லீங்கம்மா. நாந்தான் அவசரக்கார வண்டியா வரைஞ்சுபோட்டேன்" என்றார். உள்ளே அமர்ந்தவர் பொத்தானை அழுத்தும்வரை கதவு மூடக்கூடாது என்று மாற்றி எழுதினார். பக்கம் பக்கமாக நான் படித்தேன். தெளிவில்லை என்று இருமுறை திருப்பிக் கொடுத்தேன். கோபிக்காமல் மறுபடி எழுதினார். சங்கத்தின் கடிதத்தோடு மாநகராட்சிக்குப் போக வேண்டிய அந்தத் திட்டத்தைச் செயலாளரின் கையிலேயே கொடுத்தார். நான் உடன் இருந்தேன். கையெழுத்துக்காக அது இன்னும் சங்க அலுவலகத்தில்தான் கிடக்கிறது.

தோற்றுப்போன நாளிலேயே மறுபடி உட்கார்ந்து எழுதும் அந்தப் பிடிவாதத்தை நான் வைத்துக்கொள்கிறேன். திட்டம் எனக்குரியதல்ல, அது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்.

செயற்குழுவினருக்கு: அதில் கையெழுத்திட்டு அனுப்புவீர்களா, மாட்டீர்களா? பதிலை எழுத்தில் தாருங்கள்.