காலில்லாத பேயும் கவுஞ்சிக்காரரும்

சினிமாக் கொட்டகைக்கு பேனர் வரைகிறவனுக்கு ஒரு மேஸ்திரி கிடையாது. தெருவில் போகிற அத்தனை பேரும் மேஸ்திரிதான். நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி எதையாவது செய்து பிழைக்கிறவரா நீங்கள்? அப்படியானால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், பழனியிலிருந்து கொடைக்கானல் கொட்டகைக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒரு பேய்ப் படம் வந்தது. அந்த ஒரே பேயை மூன்று தரம் வரைந்தேன்.

வாய் மட்டும்

"பார்த்ததும் நெஞ்சு திக்குங்கணும்" என்றார் முதலாளி. சாம்பல் பின்னணி, வெள்ளைச் சேலை, வெளுத்த முகம், விரித்துவிட்ட நரைமுடி, ரத்தச் சிவப்பில் வாய். பழனி வெயிலில் வைத்திருந்தால் ஊரே அலறியிருக்கும். இங்கே பஸ் ஸ்டாண்டு எதிரே மாட்டிய கொஞ்ச நேரத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. வெள்ளைக்குள் வெள்ளை! சேலை போச்சு, முகம் போச்சு, அந்தரத்தில் வாய் மட்டும் தொங்குகிறது. பழனி பஸ் கண்டக்டர் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னண்ணே, வெத்தலபாக்குக் கடை வெளம்பரமா?"

சம்மதம், ஆனால்

மறுபடி வண்ணம் குழைத்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் பனிக்குள் கறுப்பாக ஓர் உருவம். தலையிலிருந்து கம்பளி, முகமே தெரியவில்லை. பிரஷ்ஷைப் போட்டுவிட்டு "முருகா!" என்று கத்திவிட்டேன்.

வந்தவர் பக்கத்து மலைக்கிராமமான கவுஞ்சியில் பூண்டு பயிரிடுகிற சம்சாரி. அவர் மகளைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தையில் அவளை ஒரே ஒரு தரம் பார்த்திருந்தேன், அதிலிருந்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவர் முக்காட்டை விலக்கிச் சொன்னார்: "பயப்படாதீங்க தம்பி, நாந்தேன். மலையில சோலி இருந்தா பொண்ணு தாரேன். பழனிக்கு எறங்கிட்டீங்கன்னா கெடையாது. அந்த வெயில்ல எம்புள்ள வாடிப்போயிருவா."

சூடம் காட்டியாச்சு

பனியிலும் எடுப்பாகத் தெரியட்டும் என்று பேய்க்குச் சிவப்புச் சேலை கட்டினேன். நெற்றியில் பெரிய பொட்டு, உருட்டிய விழி. காலையில் போய்ப் பார்த்தால் பேனருக்குச் சாமந்தி மாலை! மலைச்சரிவில் கீழே இருக்கிற வெள்ளகவி கிராமத்திலிருந்து ஏறி வந்த பெண்கள் சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிளம்பியவர்களிடம், "அம்மா, படம் பார்க்கலையா?" என்று கெஞ்சினேன். ஒரு அம்மாள் சிரித்தார்: "அதேன் வெளியவே தரிசனம் கெடச்சிருச்சே தம்பி, உள்ள எதுக்கு டிக்கெட்டு?"

மூன்றாவது பேய்

முதலாளி குதித்தார். ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறையாவிட்டால் நான் பழனி பஸ் ஏறிவிட வேண்டியதாம். வேலை போனால் பெண்ணும் போச்சு! வெள்ளை பனியில் கரைகிறது, சிவப்பு அம்மனாகிறது. இந்த மலையில் நான் நிஜமாகவே பயந்தது எதைப் பார்த்து? கறுப்புக் கம்பளியைப் பார்த்து. அதையே வரைந்தேன். முக்காட்டுக்குள் முகமில்லை, கீழே காலில்லை. தோளில் ஒரு கிழிசல். அதுவும் அன்றைக்குப் பார்த்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை. பனி இறங்க இறங்கப் பேய் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. சந்தைக்கு வந்தவர்களோ பாதிப் பேர் கம்பளி போர்த்தியவர்கள்! பேனரைப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆளுக்குக் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். ஒரே கூச்சல், சிரிப்பு. சாயங்கால ஆட்டத்துக்குக் கொட்டகை நிறைந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் பேனருக்குக் கீழே கவுஞ்சிக்காரர் நிற்பதைக் கவனித்தேன். அதே கம்பளி, அதே கிழிசல். பேனரைப் பார்த்தார். தன் தோளைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொலைந்தோமடா என்று ஆகிவிட்டது. பெண் கொடுக்க வந்த மனுஷனையே பேயாக்கி நடுச்சந்தையில் தொங்கவிட்டிருக்கிறேனே! அதுவரைக்கும் என்னைத் தம்பி என்றே கூப்பிட்டவர் கிட்டே வந்து சொன்னார்: "காலை மட்டும் வரஞ்சிருங்க மாப்ள. கல்யாணத்துக்கு நான் நடந்து வரணும்ல?"

கால் முளைத்த அந்தப் பேயைப் பார்த்து மறுநாளிலிருந்து ஊரில் ஒருத்தரும் பயப்படவில்லை, மாப்பிள்ளையாகிப்போன என்னைத் தவிர.