ஆயில்யம் இல்லாத ஜாதகம்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு இரண்டு ராசிகள் இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

அதுவரை நான் வெறும் மீனம். எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் தாள் கிழிக்கும் உரிமை என்னுடையது. கிழித்ததும் ராசிபலனில் மீனத்துக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பேன். ரிஷபத்துக்கு லாபம் வரும், கன்னிக்கு வெற்றி வரும், எனக்கு மட்டும் வாரத்தில் நாலு நாள் ‘பொறுமை’ என்று வரும். பதினோரு வயதில் பொறுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அம்மாவின் தங்கையான சித்தி, எங்களோடு ஓசூரில் தங்கி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குவாலிட்டி செக்‌ஷன். இங்கிலீஷ் பழகுவதற்காக, கம்பெனி கேன்டீனில் கிடக்கும் பழைய ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எடுத்து வருவாள். அப்படி வந்த ஒன்றில்தான் அந்தப் பக்கம் இருந்தது. பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றின் அருகிலும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை பிறந்தவர்கள் என்று ஒரு வரி. என் பிறந்தநாள் ஆகஸ்டு முதல் வாரம். விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனேன். பிடரியைச் சிலுப்பிக்கொண்டு ஒரு சிங்கம் நின்றது.

நான் சிங்கம்! வீட்டுக்குள் குதித்த குதியில், கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஆராய்ச்சி தொடங்கியது. பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். ஒரு பக்கம் ‘நம்ம ஜாதகம்’, மறுபக்கம் ‘இங்கிலீஷ் ஜாதகம்’. அப்பா நமக்கு விருச்சிகம், அங்கே மேஷம். அம்மா நமக்குக் கும்பம், அங்கே மிதுனம். எழுத எழுதக் கை பறந்தது. நம் ஆட்கள், பிறந்த நேரத்தில் சந்திரன் எந்த வீட்டில் இருந்தது என்று பார்த்து ராசி சொல்கிறார்கள். அவர்கள் சூரியனைப் பார்க்கிறார்கள். இது சித்தி சொல்லித் தெரிந்தது. ஆனால் வேறொரு சிக்கலை நானே பிடித்தேன். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கப்படி, நான் பிறந்த ஆடி மாதத்தில் சூரியன் கடகத்தில்தான் இருக்கிறது. பேப்பரில் அதற்குள் சிம்மத்துக்குப் போய்விட்டது. ஒரே சூரியன் எப்படி ஒரே நாளில் இரண்டு வீட்டில் இருக்கும்?

சித்தி சிரித்தாள். “அளக்குற சாமான் ஒண்ணுதான்டீ. ஜீரோவ வெக்கிற எடம்தான் வேற. அவங்க மார்ச்லயே மேஷத்த ஆரம்பிச்சுர்றாங்க. நாம சித்திரை ஒண்ணு வரைக்கும் காத்திருக்கோம்.”

அவர்கள் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், நாம் வானத்து நட்சத்திரங்களைக் குறியாக வைத்து எண்ணுகிறோம், ஒரு காலத்தில் ஒட்டியிருந்த இரண்டு தொடக்கங்களும் பூமியின் தள்ளாட்டத்தால் மெல்ல மெல்ல விலகிவிட்டன என்பதெல்லாம் பின்னால் படித்தது. அப்போது எனக்கு அது தேவைப்படவில்லை. அதைவிடப் பெரிய ஒன்று கையில் சிக்கியிருந்தது. இங்கிலீஷ் ஜாதகத்தில் நட்சத்திரமே கிடையாது! அசுவினி, பரணி ஒன்றும் இல்லை. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லவே இல்லை.

இது ஏன் பெரிய செய்தி என்றால், சித்தியின் நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று சொல்வார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு மூன்று குடும்பங்கள் எங்கள் வீட்டு நாற்காலிகளிலிருந்து எழுந்து போயிருந்தன. சித்திக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மா அழுவாள்.

நாலாவது குடும்பம் கிருஷ்ணகிரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு மாங்கூழ் ஆலையில் மேனேஜர் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் சித்தி வேலை முடிந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, நான் நோட்டோடு போய் நின்றேன்.

“சித்தி, நீ செப்டம்பர் கடைசிதானே? அங்க நீ துலாம். தராசு! ஆயில்யமே கெடையாது. யாருக்கும் ஒண்ணும் ஆவாது!”

முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. என் நோட்டை வாங்கி அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள்.

“இத நாளைக்கு வர்றவங்க கேட்டா, இதே மாதிரி தெளிவாச் சொல்லுவியா?”

“சொல்லட்டா?”

“கேட்டா மட்டும் சொல்லு. அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத.”

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். இத்தனை பெரியவர்களாலும் முடியாததை நான் செய்யப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. அந்த அம்மாவை எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. குண்டுக் கன்னம், வாய் நிறையச் சிரிப்பு. எங்கள் அப்பா புதுப் பனியனுக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அம்மா கேசரித் தட்டுகளை நீட்டினாள். சித்தி காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா கண்ணு, நோட்டக் கட்டிப் புடிச்சினு நிக்கிற? லீவு நாள்லயும் படிப்பா?” என்றார் அந்த அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து சித்தி சொன்னாள்: “ஜோசிய ஆராய்ச்சி பண்றாங்க. கேட்டுப் பாருங்களேன்.”

கேட்டார்கள். நான் நடு ஹாலுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு நிற்பதுபோல நின்று ஆரம்பித்தேன். சூரியன், சந்திரன், மார்ச், சித்திரை எல்லாம் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மூச்சு வாங்கியது. கடைசியில் முக்கியமான இடத்துக்கு வந்தேன்.

“எங்க சித்திக்கு நம்ம ஜாதகத்துலதான் ஆயில்யம். இங்கிலீஷ் ஜாதகத்துல நட்சத்திரமே கெடையாது. அதனால ஆன்ட்டி, உங்களுக்கு ஒண்ணும் ஆவாது!”

யாரும் கைதட்டவில்லை.

“ஆயில்யமா? மகம்னுதான போட்டிருந்துது?” அந்த அம்மா பையைத் திறந்து பிளாஸ்டிக் கவரில் இருந்த ஜாதகத்தை எடுத்தார்.

நடந்தது இதுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ஜாதகம் போடும் கடைக்கு அம்மா போய், சித்தி பிறந்த நேரத்தை இரண்டு மணிநேரம் தள்ளிச் சொல்லியிருந்தாள். ஆயில்யத்தின் கடைசியில் பிறந்த சித்தி, மகத்தின் தொடக்கத்தில் பிறந்தவளாக அச்சாகி வந்துவிட்டாள். இது அப்பாவுக்கும் சித்திக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

“அது புள்ள ஏதோ ஒளறுது. நீங்க சாப்புடுங்க” என்றாள் அம்மா.

நான் விடவில்லை. என் ஆராய்ச்சியை உளறல் என்கிறாளே! “இல்லம்மா! போன தடவ வந்தவங்க ஆயில்யம்னுதானே எந்திரிச்சுப் போனாங்க!”

அந்த அம்மா என்னையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. சித்தியிடம் திரும்பினார். “நீ சொல்லும்மா. எது நெசம்?”

“கொழந்த சொன்னதுதாங்க நெசம்” என்றாள் சித்தி. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “ஆயில்யம்.”

அந்த அம்மா எழுந்தார். கோபப்படவில்லை. சித்தியின் அருகில் போய்க் கன்னத்தைத் தொட்டார். “உன்ன மாதிரி பொண்ணு கெடைக்காது. ஆனா எனக்கு உசுரு மேல ஆசை இருக்குதே, இன்னா பண்ண?” என்றார். மாப்பிள்ளை மட்டும் கேசரியைப் பாதியில் விட்டுவிட்டுப் போகும் வருத்தத்தோடு தட்டைப் பார்த்தார்.

கார் கிளம்பிய சத்தம் அடங்கும்வரை அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். பிறகு வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். “அவங்க சம்மதிச்சாச்சு, தட்டு மாத்துறதுதான் பாக்கி. கெடுத்துட்டியே பாவி!” இரண்டாவது அடி விழுவதற்குள் சித்தி கையைப் பிடித்துவிட்டாள்.

“அக்கா, அவள அடிக்காத. பொய்யச் சொல்லிப் போயிருந்தா, அந்தம்மாவுக்குத் தலவலி வந்தாக்கூட எனக்குத் திக்குன்னு இருக்கும். நான் கூட்டிட்டுப் போறேன் விடு.”

அவளுடைய ஸ்கூட்டியில் பாகலூர் ரோட்டுப் பேக்கரிக்குப் போனோம். எனக்கு ஒரு தில்பசந்த் முழுசாக வாங்கிக் கொடுத்தாள். வழக்கமாகப் பாதிதான். நான் தேங்காய்த் துருவலும் டூட்டி ஃப்ரூட்டியுமாகத் தின்றுகொண்டிருக்க, சித்தி போனை எடுத்து யாரிடமோ கன்னடத்தில் பேச ஆரம்பித்தாள். எனக்குக் கன்னடம் அரைகுறை. “அவரெல்லா ஹோத்ரு” என்றது மட்டும் புரிந்தது. எல்லாரும் போய்விட்டார்கள் என்கிறாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

கம்பெனியில் அவளுக்கு மேலே இருக்கும் லைன் இன்சார்ஜிடம் நாளைக்கு லீவு கேட்கிறாள், கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. மிச்சமிருந்த துண்டை அவள் பக்கம் தள்ளினேன்.

“அழாத சித்தி. சீனாக்காரங்களுக்கு வேற ஜோசியம் இருக்காம். அதுல உனக்கு என்ன வருதுன்னு நாளைக்கே பாத்துச் சொல்றேன்!”

போனின் மறுமுனையிலும் அது கேட்டிருக்க வேண்டும். அங்கே ஓர் ஆண்குரல் வாய்விட்டுச் சிரித்தது. சித்தி முகமெல்லாம் சிவந்துபோய்த் திரும்பிக்கொண்டாள். இன்சார்ஜ் நல்ல மனிதர்தான், லீவு கொடுத்துவிட்டார் என்று முடிவு செய்துகொண்டு நான் விரல்களை நக்கினேன்.