பூக்காத மல்லிகைக்கு அம்மா செய்தது

அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு. வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு சிம்பாங் ரெங்கத்திலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அம்மாவின் பொறுமையைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னான் தம்பி. அதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா பிறந்தது சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பிறகு உரம் போடும் வேலை. உர வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு மரம் மரமாகத் தூவிச் செல்ல வேண்டும். மாலையில் விரலிடுக்கெல்லாம் எரியும். அப்பா காலமானபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அதன் பிறகும் அந்தக் கைகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

வாசலில் ஒரு தொட்டியில் மல்லிகை வைத்திருந்தார். பழக்க தோஷம், பனைக்குப் போடும் உரத்தில் ஒரு பிடி அதற்கும் போட்டுவிடுவார். செடி கொழுகொழுவென்று வளர்ந்தது. பூ மட்டும் வரவில்லை.

அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, தம் மகளுக்குக் கோயில் மண்டபத்தில் திருமணம் வைத்தார். சீர்த்தட்டு வரிசையில் அம்மாவும் ஒரு பூத்தட்டை ஏந்தி நின்றார். அத்தை நேராக வந்து தட்டைப் பிடுங்கினார்.

"அலமாக், தாலி அறுத்தவ நீ எதுக்கு இதையெல்லாம் தொடுற? உன் கை பட்டு எது வெளங்குச்சு? வாசல்ல நிக்கிற மல்லிகைகூட உனக்குப் பூக்க மாட்டேங்குது!"

சீர்த்தட்டு வரிசை அம்மாவை விட்டுவிட்டு நகர்ந்தது. இதைப் படிக்கும் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

வீடு திரும்பியதும் அம்மா சேலையைக்கூட மாற்றவில்லை. பாராங் கத்தியை எடுத்து மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். மிச்சமிருந்த இலைகளையும் உருவி எறிந்தார். "பூக்கலன்னா செத்துப் போ!" என்று தொட்டியை இழுத்துக்கொண்டு போய், தகரக் கூரையோரம் மழை விழாமல் வெயில் மட்டும் காயும் இடத்தில் போட்டார். உரம் கிடையாது, தண்ணீர் கிடையாது. நான்தான் பாவம் பார்த்து, செடி வாடும்போது மட்டும் ஒரு குவளை ஊற்றினேன்.

செடி சாகவில்லை. சில வாரங்களில் புதுத் தளிர் விட்டது. தளிர் நுனியெல்லாம் மொட்டு. அதைப் பார்த்து அம்மா அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. உரமும் ஓயாத மழையும் சேர்ந்துதான் செடியை இலையாகவே வளர்த்து வைத்திருந்தன. அம்மாவின் கையில் ஒரு குறையும் இல்லை.

பிறகு உலு திராமுக்குக் குடிவந்தோம். அம்மா தொழிற்சாலை வேலைக்குப் போனார். மல்லிகை எட்டுத் தொட்டியானது. உறவில் எந்த விசேஷம் என்றாலும் எங்கள் வீட்டுப் பூதான் போனது. ஒரு நாள் அத்தையே வந்து, "எனக்கும் ஒரு கன்னு குடேன்" என்றார்.

அம்மா வேர் பிடித்த கன்றாகவே பார்த்துக் கொடுத்தார். கூடவே அன்பாகச் சொன்னார். "தோட்டத்து உரமா பார்த்து அள்ளிப் போடுங்க, அண்ணி. ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துங்க. கத்தி மட்டும் வச்சிராதீங்க, பாவம் லா செடி."

அத்தை அப்படியே செய்தார், பதினோரு ஆண்டுகள். செடி ஜன்னலை மறைத்துக் கூரை வரை ஏறியது. ஒரு மொட்டுக்கூட இல்லை. பூசாரியைக் கூப்பிட்டு எலுமிச்சம்பழம் கட்டினார். வந்தவர்கள் எல்லாம் "ஏன் இன்னும் பூக்கல?" என்று கேட்க, அத்தை தேநீர் கலக்கும் சாக்கில் உள்ளே போய்விடுவார். அம்மாவும் நானும் வீடு திரும்பும் வரை காரில் சிரிப்போம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசி நாட்களில், சிறுநீரகம் செயலிழந்து படுத்திருந்தபோது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்டி. அத்தைய தனியா கூப்பிட்டுச் சொல்லிடு. நல்லா வெட்டி, எலைய உருவி விடச் சொல்லு. உரத்த நிறுத்தட்டும். வாடுனாதான் தண்ணி. வேற யாருக்கும் தெரிய வேணாம்."

அம்மாவுக்குப் பெரிய மனது. எனக்கு அது வாய்க்கவில்லை. ஓராண்டு வாயை மூடிக்கொண்டிருந்து, இந்த மலர் அச்சுக்குப் போகும்போது எழுதிக் கொடுத்தேன். என் அம்மாவை அவமானப்படுத்தியது ஊர் கூடிய இடத்தில். பதிலும் ஊர் கையில்தான் போய்ச் சேர வேண்டும். தம்பிக்கு இதில் பங்கில்லை. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

அம்மாவைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், மருத்துவமனைக்கு அலுக்காமல் வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அத்தைக்குத் தனியாக ஒரு நன்றி; அவர் அப்படிப் பேசாவிட்டால் அம்மா கத்தியை எடுத்திருக்க மாட்டார்.

இன்றைய பிரார்த்தனைச் சாப்பாட்டுக்கு அத்தையும் வந்திருக்கிறார். இதைப் படித்ததும் எழுந்து போய்விட வேண்டாம், அத்தை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உங்கள் இலைக்குப் பரிமாறப்போவது நான்தான்.